இரண்டு கால் செய்த குற்றம்

"தப்புப் பண்ணது ஆளு. நாற்காலியை எதுக்குப்பா பிடிச்சிட்டு வந்தீங்க?" என்று மகள் கேட்டதும், சாப்பிட்டுக்கொண்டிருந்த நடைபாதை அதிகாரிக்குப் புரையேறியது.

நடைபாதையில் ஒரு மஞ்சள் கோடு உண்டு. அதைத் தாண்டிக் கடைப் பொருள் எது இருந்தாலும் பறிமுதல், திரும்பக் கிடைக்காது. அன்று மதியம் அவரிடம் அகப்பட்டது முடிதிருத்தும் கடையின் ஒரே நாற்காலி. பின்னங்கால்கள் கோட்டுக்குள்ளே, முன்னங்கால்கள் வெளியே.

"சார், தப்புப் பண்ணது ரெண்டு காலுதான். அதை மட்டும் அறுத்து எடுத்துக்கங்க" என்று கெஞ்சினார் கடைக்காரர்.

"பாதி முகத்தோட நான் இறங்க மாட்டேன்!" என்றார் நாற்காலியில் இருந்தவர். சட்டத்தில் அவரைப் பற்றி ஒன்றுமில்லை. நாற்காலியோடு அவரையும் வண்டியில் ஏற்றினார்கள். கடைக்காரர் கத்தியும் கிண்ணமுமாகப் பின்னாலேயே ஓடி, கிடங்கு வாசலில் மறு கன்னத்தை முடித்துக் கொடுத்தார்.

பிறகுதான் அவர் குரல் தணிந்தது. "நாற்காலி இல்லாம நான் எப்படிக் கடை திறப்பேன்? காலையில இதை வெளியே இழுக்கச் சொன்னது..." சுற்றி நின்ற பணியாளர்களைப் பார்த்தார். "ஒண்ணுமில்ல சார். விடுங்க."

அந்த 'ஒண்ணுமில்ல' இப்போது அதிகாரியின் தொண்டையில் முள்ளாக நின்றது. எழுந்து போய்க் கை கழுவினார். கண்ணாடியில் மீசை அம்சமாக இருந்தது. காலையில் அதே கடையில் வெட்டியது. "உள்ளே இருட்டா இருக்குப்பா, வெளிச்சத்துக்கு இழுத்துப் போடு, மீசை ஏறுக்குமாறாப் போயிடும்" என்று சொன்னது வேறு யார்? அத்தனை பேர் முன்னால் அதிகாரியின் மானத்தைக் காப்பாற்றிவிட்டு, அந்த மனிதர் தன் நாற்காலியை இழந்து போனார்.

கிடங்கில் முத்திரை வைத்ததை இனி யாராலும் எடுக்க முடியாது. ஆனால் வீட்டில் மாமனார் கொடுத்த சாய்வு நாற்காலி ஒன்று இருந்தது. அதில் மனைவி மக்கள் யாரும் உட்காரக் கூடாதென்பது வீட்டுச் சட்டம்.

விடியுமுன் அதைத் தலையில் தூக்கினார்.

"எங்கே?" என்றாள் மனைவி, கண்ணைத் திறக்காமலே.

"பறிமுதல்."

"யாருது?"

"நம்மளுது."

"நல்லது" என்று அவள் புரண்டு படுத்தாள்.

தெருவில் ஈ காக்கை இல்லை. மூடிய கடை வாசலில் நாற்காலியை இறக்கி வைத்து, மண்டியிட்டுப் பார்த்தார். ஒரு கால் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. உள்ளே தள்ளினார். இருக்கையைத் தன் துண்டால் துடைத்தார். கடவுள் பார்த்திருப்பார், ஆனால் அவர் வெளியே சொல்கிறவர் இல்லை. அதிகாரி இன்னும் ஒரு சாண் உள்ளே தள்ளிவிட்டு வீட்டுக்கு நடந்தார்.