இரண்டாம் ஏரியில் போட்ட போர்

நீலக்கரை நகரில் ஏரிகள் நான்கு, மனைகள் நூற்று அறுபது, கட்டி முடித்த வீடுகள் பதினொன்று. ஆள் இருந்தது இரண்டில் மட்டும். ஒன்று மயில்சாமி வீடு. இன்னொன்று இரண்டாம் ஏரியின் எதிர்க்கரையில் சத்யபிரியாவும் அவள் புருஷன் சந்தோஷ்குமாரும் வாடகைக்கு இருந்த வீடு. ஏரி என்றால் தோண்டி வைத்த ஏரி. நாமக்கல் ரோட்டில் இருந்து உள்ளே நான்கு கிலோமீட்டர், வானம் பார்த்த காட்டை வாங்கிப் பள்ளம் பறித்து, தண்ணீர் லாரி விட்டு நிரப்பி, நடுவில் இரண்டு வாத்துப் படகும் மிதக்கவிட்டு மனை போட்டு விற்றார்கள். விற்ற பிறகு ஆபீஸைப் பூட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போய்விட்டார்கள்.

மயில்சாமிக்கு ஐம்பத்தேழு வயது. ஆழ்துளைக் கிணறு தோண்டும் திருச்செங்கோட்டு ரிக் வண்டியில் ஏறி இருபத்தாறு வருடம் வடக்கே ஏழு மாநிலத்தில் போர் போட்டவர். கம்ப்ரசர் இரைச்சலில் காது பாதி போயிற்று. ரிடையர் ஆனதும் தண்ணீர் ஓரமாக உட்கார வேண்டும் என்று இங்கே வீடு கட்டினார். மனைவி சௌந்திரம் பால் காய்ச்ச வந்தாள், இரண்டு நாள் இருந்தாள், ஓசூரில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இருபத்தாறு வருடம் அவர் இல்லாமல் இருந்து பழகியவள், அவர் வந்த பிறகும் அந்தப் பழக்கத்தை விடவில்லை. அவரும் வற்புறுத்தவில்லை. அவளிடம் என்ன பேசுவது என்று அவருக்கும் தெரியவில்லை.

சத்யபிரியாவிடம் தெரிந்தது. சாயங்காலம் அவள் கரையைச் சுற்றி நடப்பாள். அவரும் அதே நேரத்துக்குச் செருப்பை மாட்டுவார். பாம்பு, கரண்ட், கேஸ் சிலிண்டர் என்று இருபது நிமிஷம் பேசுவார்கள். அந்த இருபது நிமிஷம்தான் அவருக்கு நாள். மற்றதெல்லாம் அதற்குக் காத்திருப்பது.

சித்திரையில் ஏரி பாதிக்கும் கீழே இறங்கியது. பாசி காய்ந்து நாறியது.

“ஊட்டுக்குள்ள உக்கார முடியலீங்ணா,” என்றாள் ஒருநாள். “சன்னல் தொறந்தா குமட்டுது. அவரு காலி பண்ணிறலாங்கறாரு.”

“மழ வந்தா ரொம்பீரும் அம்முணி.”

“எந்த வருசத்து மழைங்?”

அவர் சிரித்தார். வீட்டுக்கு வந்தபின் சிரிப்பு வரவில்லை. அவர்கள் போய்விட்டால் பதினொரு வீட்டில் தான் ஒருத்தன்தான் என்று கணக்குப் போட்டார். தண்ணீர் இருந்தால் இருப்பார்கள். தண்ணீர் எடுக்கத்தான் தனக்குத் தெரியுமே.

மறுநாள் காலையில் நீரோட்டம் பார்க்க உரித்த தேங்காயை உள்ளங்கையில் படுக்க வைத்துக்கொண்டு ஏரியைச் சுற்றி நடந்தார். தண்ணீர் வற்றி வெடித்துக் கிடந்த உள்கரையில் ஓரிடத்தில் தேங்காய் எழுந்து நின்றது. மூன்று முறை நின்றது. அன்றே பழைய கூட்டாளி சிவக்குமாருக்குப் போன் போட்டார்.

சிவக்குமார் ரிக்கோடு வந்து இறங்கியதும் சுற்றிலும் பார்த்தான். “மாமா, இது ஊரா, சுடுகாடா?”

“சுடுகாட்டுலயாவது நாலு பேரு வருவாங்கடா. வண்டிய நிறுத்து.”

வேலை தொடங்கியது. முதல் இரண்டு அடியில் மண்ணோடு கறுப்பாக பிளாஸ்டிக் கிழிசல் வந்து விழுந்தது. எவனோ போட்ட குப்பை என்று மயில்சாமி காலால் தள்ளினார். இருபது அடியில் பாறை. மண் சரியாமல் கேசிங் பைப்பை இறக்கிவிட்டுப் பாறை உடைக்கிற சுத்தியலை விட்டார்கள். அறுபது அடி வரைக்கும் வெள்ளைத் தூசிப் புகைதான். அறுபதைத் தாண்டியதும் சந்தோஷ்குமார் எதிர்க்கரையில் இருந்து கையைக் காட்டிக் கத்தினான். ஏரியின் நடுவே தண்ணீர் கொப்பளித்துக்கொண்டிருந்தது. கம்ப்ரசர் குழிக்குள் அனுப்பிய காற்று அங்கே போய்க் கிளம்பியது.

ரிக்காரனுக்கு அதைவிட நல்ல சகுனம் கிடையாது. ஒரு போரில் அடிக்கிற காற்று பக்கத்துப் போரில் கிளம்பினால் இரண்டுக்கும் ஒரே ஊற்று என்று அர்த்தம். மயில்சாமி எத்தனை ஊரில் அதைப் பார்த்திருப்பார். “அடியில ஊத்து இருக்குதுடா. இந்த ஏரிக்கே ஊத்து இருக்குது,” என்றார். எண்பதில் தண்ணீர் அடித்தது. இரண்டு இஞ்ச் கனத்துக்கு. சிவக்குமார் முந்நூறு அடி வரைக்கும் ஓட்டி நிறுத்தினான்.

சத்யபிரியா தண்ணீர் தெறிக்கிற தூரத்தில் வந்து நின்று, “கில்லாடிங்ணா நீங்க,” என்றாள். அவருக்குக் காது நன்றாகவே கேட்டது.

மோட்டார் இறக்கி ஏரிக்குள் தண்ணீரைத் திருப்பினார். கரையோரம் ஒரு கம்பியை நட்டு மட்டத்துக்குச் சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டார். முதல் நாள் முடிவில் தண்ணீர் கோட்டுக்கு நான்கு விரல் கீழே இருந்தது. வெயில் என்று நினைத்தார். இரண்டாம் நாள் ஒரு சாண். மூன்றாம் நாள் கம்பியே கரையில் நின்றது.

குழாய்த் தண்ணீரை ஒரு கை பிடித்து வாயில் விட்டார். பாறைத் தண்ணீர் உப்பும் கரகரப்புமாக இருக்கும். இது சப்பென்று பாசி நாற்றம் அடித்தது. துப்பினார். பிறகு மண்வெட்டி எடுத்துவந்து கேசிங் பைப்பை ஒட்டி வெட்டினார். இரண்டடி மண்ணுக்குக் கீழே கறுப்பாக ஷீட் இருந்தது. ஏரி முழுக்க விரித்து மேலே மண் மூடிய பிளாஸ்டிக். இந்தக் காட்டில் தண்ணீர் நிற்காது என்று தெரிந்தே விரித்திருக்கிறார்கள். அதைத்தான் அவர் துளைத்தார். அவர் அனுப்பிய காற்று அடியில் ஓடி நடுவில் ஷீட்டைக் கிழித்துக்கொண்டு வெளியேறியது. ஊற்று எதுவும் இல்லை. ஏரித் தண்ணீர் கிழிசல் வழியாக இறங்கிப் போருக்கு வருகிறது, அதையே அவர் மோட்டார் போட்டு எடுத்து ஏரிக்குள் விடுகிறார். பாக்கி பூமிக்குள் போகிறது.

ஏழு மாநிலம் சுற்றியவன் ஒரு குட்டையைப் பார்த்து ஏமாந்தேன் என்று தன்னைத்தானே கெட்ட வார்த்தையில் திட்டிக்கொண்டார். சொல்லாமல் விட்டால் ஏரி வற்றும்வரை இன்னும் மூன்று நாள் ஓடும். யோசித்துப் பார்த்தார். மூன்று நாளைக்காகப் பொய் சொல்வது கேவலமாக இருந்தது. மோட்டாரை நிறுத்திவிட்டு ஒரு துண்டு ஷீட்டை எடுத்துக்கொண்டு எதிர்க்கரைக்கு நடந்தார்.

சத்யபிரியா வாசலில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார். “நாந்தான் ஓட்ட போட்டுட்டேன். இனிமே இதுல தண்ணி நிக்காது.”

அவள் ஷீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். “அதுக்கு ஏனுங்ணா வெசனப்படறீங்க? நாங்க எப்படியும் போறமுங். போன மாசமே பள்ளிபாளையத்துல ஊடு பாத்து அட்வான்ஸ் குடுத்தாச்சு. நீங்க ரிக்கு வரைக்கும் கொண்டாந்தீங்களா, சொல்லவே வாய் வரல.”

“நாத்தத்துக்காகத்தான?”

“நாத்தம் என்னங், மழ பேஞ்சா போயிரும். ஒன்னர வருசமாச்சு. பேச்சுத் தொணைக்கு ஒரு ஆள் இல்லீங்ளே இங்க. பைத்தியம் புடிச்சிரும்போல இருக்குது.”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மடித்த துணியை மறுபடி உதறினாள். “உங்களச் சொல்லலீங்ணா.”

“தெரியுதம்முணி.”

டீ வைக்கட்டுமா என்று கேட்டாள். வேண்டாம் என்றார். எந்தக் கிழமை போகிறீர்கள் என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்குள் ஏரி சேறாகிவிட்டது. வாத்துப் படகுகள் சாய்ந்து கிடந்தன. மினி லாரி வந்தது. வாஷிங் மெஷினைத் தூக்க சந்தோஷ்குமாருக்கு மயில்சாமி ஒரு பக்கம் பிடித்தார். பிரிட்ஜை அணைத்துக் காலி செய்தபோது மீந்த தோசை மாவை சத்யபிரியா ஒரு டிபன் கேரியர் அடுக்கில் ஊற்றி அவரிடம் கொடுத்தாள்.

“பாத்திரம் வேண்டாங்ணா, நீங்களே வெச்சுக்கங்க. பள்ளிபாளையம் பக்கம் வந்தா ஊட்டுக்கு வாங்க.”

“வாரேன்,” என்றார். விலாசம் சொல்ல அவளும் மறந்தாள், கேட்க அவரும் மறந்தார்.

சாயங்காலம் அடுப்பைப் பற்ற வைத்தார். மாவு புளித்திருந்தது. முதல் தோசை கல்லில் ஒட்டிப் பிய்ந்தது. எண்ணெய் தடவி இரண்டாவதை ஊற்றினார். அதுவும் ஓரம் பிய்ந்தது. தொட்டுக்கொள்ள ஒன்றும் செய்யவில்லை என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது. நின்றபடியே வெறும் தோசையைத் தின்றுவிட்டு மூன்றாவதை ஊற்றினார்.