டீ ட்ரேயை எடுத்துப்போனவள்

வெளியூரிலிருந்து வந்திருந்த தேர்வாளர் என் ஆய்வேட்டின் நான்காவது அத்தியாயத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, "இந்த ஆய்வுக்கு உயிரே இதுதான். இது எப்படித் தோன்றியது உங்களுக்கு?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். பிஎச்.டி. வாய்மொழித் தேர்வு திறந்த அறையில் நடப்பது, யார் வேண்டுமானாலும் வந்து உட்காரலாம். மதியம் இலைச் சாப்பாடு உண்டு என்று தெரிந்து கணிதத் துறைக்காரர்கள்கூட வந்திருந்தார்கள். துறையூரிலிருந்து வந்திருந்த என் அப்பா முதல் வரிசையில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை புரியாவிட்டாலும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். கடைசி வரிசையில், ஆய்வேட்டைத் தட்டச்சு செய்து கொடுத்த ஆரிஃபா இருந்தாள்.

"ஒரு நாள் தனியாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, சார்" என்றேன்.

ஆங்கிலத்தில்தான் சொன்னேன். 'அலோன்' என்ற சொல்லையே சொன்னேன். திட்டம் போட்டுச் சொல்லவில்லை, சத்தியமாக. ஏழு வருஷமாக அந்த ஒரு சொல்லோடு குடித்தனம் நடத்தியவள், வாயில் அதுதான் வந்தது. தேர்வாளர் "அருமை" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஆரிஃபாவும் தட்டினாள்.

என் ஆய்வு அந்தச் சொல்லைப் பற்றியதுதான். பழைய ஆங்கில நாவல்களில் 'தனியாக' என்ற சொல் எங்கெல்லாம் வருகிறது, எதற்காக வருகிறது என்பது. முதலில் நான் எழுதி வைத்திருந்ததை இப்போது படித்தால் எனக்கே எரிச்சல் வருகிறது. கதாநாயகி ஜன்னலோரம் தனியாக உட்கார்ந்து கலங்குகிறாள், தனிமையில்தான் அவள் தன்னையே அறிகிறாள், இன்ன பிற. பன்னிரண்டு நாவல்கள், நானூற்றுப் பன்னிரண்டு இடங்கள். கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர் வேலை, வீட்டில் இரண்டு பிள்ளைகள், நடுவில் இந்தத் தனிமை ஆராய்ச்சி. எனக்கு ஒரு நாள் அரை மணி நேரம் தனியாகக் கிடைத்திருந்தால் ஆய்வே செய்திருக்க மாட்டேன், படுத்துத் தூங்கியிருப்பேன்.

ஆரிஃபா சத்திரம் பஸ் ஸ்டாண்ட் பக்கத்தில் ஒரு டைப்பிங் சென்டரில் வேலை பார்க்கிறாள். திருச்சியில் பாதிப் பேருடைய ஆய்வேடு அந்த மாதிரி ஏதோ ஒரு மாடியில்தான் உருவாகிறது. மேற்கோள்களைச் சரிபார்ப்பதற்கு அங்கே ஒரு முறை உண்டு. நாங்கள் அச்செடுத்த தாளை வாசிப்போம், அவள் மூலப் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு எழுத்து எழுத்தாகப் பார்ப்பாள். மற்ற பெண்கள் எல்லாம் மேற்கோள் முடிந்ததும் புத்தகத்தை மூடிவிடுவார்கள். ஆரிஃபா அந்தப் பக்கத்தைக் கடைசிவரை படிப்பாள். நேரம் ஆகிறதே என்று நான் கடுகடுத்திருக்கிறேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு சனிக்கிழமை மத்தியானம் அப்படித்தான் நான் வாசித்துக்கொண்டிருந்தேன். அப்பாவைப் பறிகொடுத்த ஒரு பெண், மாலை முழுவதும் அறையில் தனியாக இருந்தாள் என்று வரி. ஆரிஃபா புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கினாள்.

"மேடம், இவ தனியாவா இருந்தா?"

"அப்படித்தானே போட்டிருக்கு."

"நாலு வரி தள்ளி டீ ட்ரேயை யாரோ எடுத்துட்டுப் போறாங்களே. அடுப்புல கரியும் போட்டுட்டுப் போறாங்க. அவங்க யாருங்க?"

"அது வேலைக்காரிம்மா. அத விடு, அடுத்தது பாரு."

விடு என்று சொல்லிவிட்டேனே தவிர, பஸ்ஸில் வீட்டுக்குப் போகும்போது அந்தப் பக்கத்தையே திரும்பவும் பிரித்துப் படித்தேன். மறுநாளே பன்னிரண்டு நாவல்களையும் திரும்ப எடுத்தேன். நானூற்றுப் பன்னிரண்டில் நூற்று முப்பத்தொரு இடத்தில் அறைக்குள் இன்னொரு ஆள் இருந்தாள். தலை வாரிக்கொண்டிருந்தாள், விளக்கு ஏற்றிக்கொண்டிருந்தாள், படுக்கையைத் தட்டிப் போட்டுக்கொண்டிருந்தாள். அவள் இருக்கும்போதே கதாநாயகி தனியாக இருந்தாள். அந்த நாவல்களில் தனிமை என்றால், ஆள் இல்லாதது அல்ல, கணக்கில் வராத ஆள் மட்டும் இருப்பது. அதுதான் நான்காவது அத்தியாயம். அதை நான் எழுதினேன், ராவும் பகலுமாக எழுதினேன், அதில் பொய் இல்லை. ஆனால் கேள்வி என்னுடையது இல்லை.

தேர்வு முடிந்து, பொன்னாடை போர்த்தி, போட்டோ எடுத்து, பந்திக்குப் போனபோது ஆரிஃபாவைக் காணவில்லை. ப்ரொஜெக்டருக்காகக் கொண்டுவந்திருந்த பென் டிரைவை என் பையின் மேல் வைத்துவிட்டுப் போயிருந்தாள். வாசலில் வாட்ச்மேனிடம், கடையில் வேலை கிடக்கிறது என்று சொன்னாளாம். நான் பாயசத்தைத் தொடவில்லை. அப்பா, "டாக்டரம்மா, சாப்பிடு" என்று கேலி செய்துகொண்டே இருந்தார்.

சின்னச் சின்னத் திருத்தங்கள் சொல்லியிருந்தார்கள். திருத்திய பிரதியில் என் நெறியாளர் கையெழுத்துப் போட்டுப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பினால்தான் பட்டம். அவர் வெங்கட்ராகவன், ஸ்ரீரங்கத்துக்காரர், இந்த மாத முடிவில் ஓய்வு பெறுகிறார். அதற்குள் கையெழுத்து ஆகவில்லை என்றால் புது நெறியாளர், புதுக் கமிட்டி, இன்னொரு வருஷம். நிரந்தர வேலைக்கான விண்ணப்பத்துக்கும் அதே மாதம்தான் கடைசி. மூன்று நாள் மென்று முழுங்கிவிட்டு, நான்காம் நாள் அவர் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது. "அந்தப் பொண்ணு கெட்டிக்காரிதான், சந்தேகமே இல்லை. ஆனா ஒரு கேள்வி கேட்டா அது ஆராய்ச்சி ஆயிடுமா? நன்றியுரையில பேரைப் போட்டுடுங்கோ, போறும். அத்தியாயத்துக்குள்ள கொண்டு வராதேங்கோ. முதல் பக்கத்துல முழுக்க என் சொந்த வேலைன்னு உறுதிமொழி கொடுத்திருக்கேள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கேன்" என்றார். மாமி தட்டில் கொய்யா நறுக்கிக் கொண்டுவந்து வைத்தாள். நான் ஒரு துண்டை வாயில் போட்டுக்கொண்டு சரி சார் என்றேன். சரி என்றபோது நிம்மதியாகவும் இருந்தது, வெட்கக்கேடு.

நேரே டைப்பிங் சென்டருக்குப் போனேன். ஆரிஃபா முகம் கொடுத்துத்தான் பேசினாள், எப்போதும் போல என்றைக்கு வேண்டும் என்று கேட்டாள், திருத்தங்களை ஒவ்வொன்றாகச் செய்தாள். கடைசியில் நான், "நன்றியுரையில உன் பேரைச் சேர்க்கணும்" என்றேன். பெரிய சீர் கொடுக்கிற மாதிரிதான் சொன்னேன்.

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அதுல என்னான்னு மேடம் போடணும்?"

"சிறப்பாகத் தட்டச்சு செய்து உதவிய…"

"அது ஏற்கெனவே கடை பேருல இருக்குங்க." கோப்பைச் சேமித்தாள். "மேடம், நான் அறுபது ஆய்வேடு அடிச்சிருக்கேன். நன்றியுரையை அவங்கவங்க வீட்டுக்காரங்க மட்டும்தான் படிப்பாங்க. யார் சொன்னதுன்னு போடுறது அத்தியாயத்துல, கீழே அடிக்குறிப்புல. செத்துப்போன வெள்ளைக்காரனுக்கெல்லாம் நீங்க போட்டிருக்கீங்க. நான்தான் அடிச்சேன்."

"அன்னிக்கு அந்த ரூம்ல, நான் தனியான்னு சொன்னது…"

"கேட்டுச்சுங்க" என்றாள். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கத்து நாற்காலியில் ஒருவர் அவருடைய பிரதிக்காகக் காத்திருந்தார். மாடிப்படியில் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. நான் அவளுக்கு முன்னால் என்ன செய்வதென்று தெரியாமல் பையின் ஜிப்பை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டிருந்தேன். அடிக்குறிப்பு போட்டால் இன்னும் ஒரு வருஷம். அப்பா ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். நன்றியுரையோடு விட்டுவிட்டால் இந்த ஜென்மத்தில் யாருக்கும் தெரியப்போவதில்லை, எங்கள் இரண்டு பேரைத் தவிர.

"நாலாவது அத்தியாயத்தைத் தொற" என்றேன்.

திறந்தாள். டீ ட்ரே வரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன எண்ணைப் போட்டுப் பக்கத்தின் அடியில் கோடு இழுத்தாள். கோட்டுக்குக் கீழே வெறுமையாக இருந்தது.

"சொல்லுங்க, அடிக்கிறேன்."

மேஜைமேல் இருந்த என் போன் அதிர்ந்தது. நெறியாளர் பெயர். இரண்டு பேருமே பார்த்தோம். ஆரிஃபா விசைப்பலகையிலிருந்து கைகளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். போன் அடித்து ஓய்ந்தது, உடனே திரும்பவும் அடிக்க ஆரம்பித்தது.

"இந்தக் கேள்வியை முதலில் எழுப்பியவர்" என்று நான் ஆரம்பித்தேன், ஆரம்பித்த இடத்திலேயே நின்றுவிட்டேன். மூன்று வருஷமாக வாரம் இரண்டு நாள் இவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன்.

"ஆரிஃபா, உன் முழுப் பேரு என்னம்மா?"

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். போன் மேஜைமேல் நகர்ந்து நகர்ந்து அடித்துக்கொண்டிருந்தது. அவள் கைகள் மடியிலிருந்து மெல்ல மேலே வந்தன.