எலும்பில் பட்ட வெளிச்சம்

பேனையை வாங்கிய அலிமாநாச்சி கையெழுத்து வைக்காமல் அந்தப் பிள்ளையின் முகத்தையே பார்த்தாள். நாளைக் காலையில் கொழும்பு ஆஸ்பத்திரியில் அவளுடைய வலது முழங்காலைத் திறந்து, தேய்ந்த எலும்பை வெட்டியெடுத்து, உலோக மூட்டு வைக்கப் போகிறார்கள். வெட்டிய துண்டை ஆராய்ச்சிக்குத் தருவீர்களா என்று கேட்டு வந்திருந்தாள் கிருசிகா. காரைதீவுப் பிள்ளை, கொழும்பில் படிக்கிறாள்.

“எலும்ப என்ன செய்வா புள்ள? இடிப்பியா, அரைப்பியா?”

“இல்லம்மா. லேசர் வெளிச்சம் மட்டும்தான் படும். பட்டுத் திரும்புற வெளிச்சத்துல துளியளவு நிறம் மாறி வரும். அத வெச்சி எலும்புல சுண்ணாம்பு எவ்வளவு, நார்மாதிரித் தும்பு எவ்வளவு எண்டு பாக்கலாம். துண்டு அப்பிடியே இருக்கும்.”

“அப்ப திருப்பித் தா. உடம்புல வெட்டினத மண்ணுக்குக் குடுக்கணும். குப்பைக்குப் போனா மறுமையில நான் ஒத்தக் காலோட நொண்டுறதா?”

பக்கத்துக் கட்டில்காரி சிரித்துவிட்டாள். கிருசிகா சிரிக்கவில்லை. ‘திருப்பித் தரவேண்டும்’ என்று படிவத்தின் ஓரத்தில் எழுதி, தானும் ஒப்பமிட்டாள்.

அலிமாநாச்சி ஒப்பம் வைத்த காரணம் வேறு, மக்காள். சுனாமிக்கு முந்தின மாதம், கால் நோகிறதென்று அவளை எக்ஸ்ரே எடுக்கக் கூட்டிப்போனவர் தங்கையின் புருசன் ஸைனுலாப்தீன். எலும்பு நல்லாயிருக்கிறது, நோவு மனசில்தான் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கடல் வந்த காலையில் தங்கை றபீக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பள்ளிவாசல் மதிலுக்கு இருபது அடி இருக்கையில் முழங்கால் மடங்கி விழுந்தாள். கை விட்டுப்போயிற்று. அலை அவளை மதிலோரம் ஒதுக்கியது, றபீக்காவைக் கொண்டுபோயிற்று. அடக்கம் செய்ய ஜனாஸாகூடக் கிடைக்கவில்லை. கால் மடங்கிவிட்டது என்று அழுதவளிடம் ஸைனுலாப்தீன், “படத்துல ஒண்டும் இல்லயே” என்றார். அதுதான் கடைசிப் பேச்சு. நாட்டுச் சண்டை முடிந்து வீதித் தடைகளெல்லாம் எடுத்தார்கள். இந்த ஒரே வளவுக்குள், ஒரே கிணற்றில் தண்ணீர் அள்ளும் இரண்டு வீட்டுக்கும் நடுவில் இருந்த தடை அப்படியே கிடந்தது. பெருநாளுக்குக் கறி வரும். அவர் மகள்தான் கொண்டுவருவாள்.

நாலு மாதம் கழித்து, சொன்ன சொல் தவறாமல் எலும்புத் துண்டு இருந்த போத்தலோடு ஊருக்கு வந்தாள் கிருசிகா. எங்கள் பக்கம் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. அலிமாநாச்சிக்குப் புருசனும் இல்லை, ஆண்பிள்ளையும் இல்லை. அடக்குவதற்கு ஸைனுலாப்தீனைத்தான் மகளிடம் சொல்லிக் கூப்பிட வேண்டியிருந்தது. அவர் மண்வெட்டியோடு வந்து, வாசலுக்கு வெளியே முருங்கையடியில் நின்றார்.

கிருசிகா ஒரு தாளை விரித்தாள். மேடும் பள்ளமுமாக இரண்டு கோடுகள். “இது மூட்டுக்கு வெளிப்பக்க எலும்பு. இது தேய்ஞ்ச உள்பக்கம். இதுல தும்புக்குத் தக்க சுண்ணாம்பு இல்லம்மா.”

“அண்டைக்கும் இப்பிடித்தான் இருந்திச்சி எண்டு சொல்லு புள்ள,” என்றாள் அலிமாநாச்சி. குரலைத் தாழ்த்தவில்லை. முருங்கையடி வரைக்கும் கேட்கட்டும் என்றுதான் சொன்னாள்.

கிருசிகா தாளை மடித்தாள். “அதச் சொல்லேலாதும்மா. இது நாலு மாசத்துக்கு முந்தி வெட்டின எலும்பு. அண்டைக்கு எப்பிடி எண்டு இந்த வெளிச்சத்துக்குத் தெரியாது.”



“அண்டைக்கு எடுத்த படத்துல ஒண்டும் இல்லயே, புள்ள,” என்றார் ஸைனுலாப்தீன், கிருசிகாவிடம்.

“படத்துல விழுறது நிழல்தான், மாமா. மூட்டு எலும்பு உள்ளுக்க மாறத் தொடங்கி, படத்துல தெரியிறதுக்கு வருசக்கணக்காகும். அதுக்காகத்தான் இந்தப் படிப்பே. அண்டைக்கு இவங்கட கால் பழுதெண்டு என்னால சொல்லேலா. படம் நல்லமெண்டதால கால் நல்லமெண்டு நீங்களும் சொல்லேலா.”

அலிமாநாச்சி நிமிர்ந்து உட்கார்ந்தாள். வேண்டியது கிடைக்கவில்லை. ஆனால் ‘ஒண்டும் இல்லயே’ என்ற அந்தச் சொல் நெஞ்சிலிருந்து கழன்றது.

“நல்லாப் படி புள்ள. என்ட மற்றக் காலும் நோகுது, தேவையெண்டா அதையும் பாரு,” என்றாள்.

ஸைனுலாப்தீன் வெள்ளைத் துணியில் எலும்பைச் சுற்றினார். முடிச்சு ஒருதரத்தில் விழவில்லை, அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். அவர் அடக்குவதற்கு றபீக்காவின் நகம்கூடக் கிடைத்திருக்கவில்லை. மண்வெட்டியைத் தோளில் வைத்து நாலடி போனவர், வாசல் படலைவரை வந்துவிட்ட அலிமாநாச்சியைப் பார்த்து நின்றார்.

“வெயிலுக்க நிக்காதீங்க, மதினி. கால் நோகும்.”

அவள் உள்ளே போகவில்லை. புதுக்காலை ஊன்றி, படலையைப் பிடிக்காமல் நின்றாள். ஒழுங்கைத் தெரு திரும்பும் வரைக்கும் அந்த வெள்ளைத் துணி அவர் உள்ளங்கையில் ஆடாமல் போய்க்கொண்டிருந்தது.