பெட்டி மழை

தொலைபேசி மணி அடித்தபோது பூக்கடைக்காரி பெட்டியின் மடி நிறையச் சாமந்தி. ஒரு கையால் பூவை அணைத்துக்கொண்டு மறு கையால் எடுத்தாள். ஏதோ பூ ஆர்டர் என்றுதான் நினைத்தாள்.

"அக்கா, கொழுந்து போர்டு ஆர்தர் அண்ணன் வீடுதானே? நான் ஈப்போ ராதாகிருஷ்ணன். டிவி ரிப்பேர் கடை வெச்சிருக்கேன். போர்டுல புலிங்கற பேருல எழுதுனது நான்தான்."

பெட்டி அணைத்திருந்த பூவைக் கீழே வைத்தாள். ஆர்தரின் கம்ப்யூட்டரில் ஓடிய கொழுந்து போர்டு செத்து இரண்டு வருஷம் ஆகிறது. அது செத்த மறுநாள் அவள் மாதாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றியது இந்தப் புலிக்குத் தெரிந்திருக்குமோ?

"வர்ற ஞாயித்துக்கெழம நாங்க ரெண்டு பேரு மல ஏறி வரோம்கா. அண்ணன்கிட்ட மூச்சு விட்றாதீங்க லா. உங்களயும் பாக்கணும்."

"என்னய எதுக்குப்பா?"

"வந்து சொல்றோம்," என்று சிரித்துவிட்டு வைத்துவிட்டான்.

அந்தச் சிரிப்புதான் அவளை வாரம் முழுக்கப் படுத்தியது. சண்டைக்கு வருகிறார்களோ? வந்தாலும் தப்புச் சொல்ல முடியாது. அந்த போர்டுக்கு அவள் செய்த கொடுமை கொஞ்சநஞ்சமா?

பெட்டியின் கணவன் ஆர்தர் தேயிலை எஸ்டேட்டில் கிராணி, ஆபீசில் கணக்கு எழுதுகிற வேலை. எண்பத்தைந்தாம் வருஷம் கோலாலம்பூருக்குப் போனவன், அச்சு அசலாக ஆப்பிள் மாதிரியே இருந்த ஒரு உள்ளூர் கம்ப்யூட்டரையும், அதைத் தொலைபேசியோடு இணைக்கிற மோடம் என்ற சின்ன டப்பாவையும் வாங்கி வந்தான். குவார்ட்டர்ஸில் தொலைபேசி வந்ததே பெட்டிக்காகத்தான். கியா பார்ம் சந்தையில் அவளுக்குப் பூக்கடை. ஈப்போவிலிருந்தும் தாப்பாவிலிருந்தும் ஆர்டர் அதில்தான் வரும். அந்த ஒற்றை லைனில் ஆர்தர் தன் போர்டைக் கொண்டுபோய்த் தொங்கவிட்டான். எங்கேயோ கம்ப்யூட்டர் வைத்திருக்கிற ஒருவன் இந்த நம்பருக்கு அடிப்பான். ஆர்தரின் மிஷின் தானே எடுக்கும். வந்தவன் மற்றவர்கள் எழுதிவிட்டுப் போனதைப் படித்து, தன் பங்குக்கு ஏதாவது எழுதி வைத்துவிட்டுப் போவான். அடுத்து வருகிறவன் அதற்குப் பதில் எழுதுவான். ஒரு சமயத்தில் ஒருவர்தான் உள்ளே வர முடியும். ஆனாலும், ஒருவரை ஒருவர் பார்த்தே இராதவர்கள் அங்கே தாப்பா ரோட்டில் மண் சரிந்ததைச் சொன்னார்கள். பந்தாட்டத்தைப் பற்றிக் கத்தினார்கள். மீன் குழம்பில் உருளைக்கிழங்கு போடலாமா என்று ஒரு மாதம் சண்டை போட்டார்கள். எல்லாம் தமிழ்தான், ஆங்கில எழுத்தில். மலையில் எது முதலில் துளிர்க்குமோ அதன் பெயரையே ஆர்தர் போர்டுக்கு வைத்தான்: கொழுந்து.

பெட்டிக்கு அதெல்லாம் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது அந்தக் கீச்சல்தான். பூக்கடைக்காரர்கள் அடித்தால் மோடம் எடுத்து அவர்கள் காதில் கத்தும். "உங்க வூட்ல என்னாம்மா, பன்னி அறுக்கிறீங்களா?" என்று ஒருவர் நேரிலேயே கேட்டுவிட்டார். ஆபீசில் வேறு, "கிராணி வூட்ல ரெண்டு பெட்டி. ஒண்ணு பேசும், ஒண்ணு கத்தும்," என்று கேலி. அதனால் லைனில் யார் இருந்தாலும் பார்க்க மாட்டாள். போனை எடுத்து, "ஹலோ! யாரு அது? வைங்க! எனக்கு ஆர்டர் வரணும்!" என்று கத்துவாள். திரையில் ஏதேதோ கொட்டும். பாதி நாள் லைனே அறுந்துபோகும். ஆர்தர் தலையில் கை வைத்துக்கொள்வான். எண்பத்தேழில் ஒரு மாலை இடி விழுந்து, தொலைபேசிக் கம்பி வழியே வந்த மின்னல் மோடத்தைக் கரியாக்கிவிட்டது. ஆர்தர் கம்ப்யூட்டரைத் துணியில் சுற்றி அலமாரி மேலே ஏற்றினான்.

அதற்குப் பிறகு வீடு அமைதியாக இருந்தது. அவள் கேட்ட அமைதிதான். ஆனால் ஆர்தர் ஆபீஸ் விட்டு வந்து, சாப்பிட்டு, ரேடியோ கேட்டு, படுத்துவிடுவான். முன்பெல்லாம் சட்டையைக் கழற்றாமலே மிஷின் முன்னால் உட்கார்ந்து, யாரோ எழுதியதற்குத் தனியே சிரிப்பான். அந்தச் சிரிப்பு கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அவள் ஒருநாள் யோசித்தாள். புது மோடம் வாங்குங்களேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வரும், கௌரவம் விடாது.

ஞாயிறன்று கோயில் முடிந்து வந்து கோழிக்கறியை இறக்கும் நேரத்தில் ஒரு வேன் முக்கி முனகிக்கொண்டு குவார்ட்டர்ஸ் மேட்டில் ஏறி நின்றது. ஒல்லியாக ஒருவன் இறங்கினான். அவனுக்குப் பின்னால் பருத்திச் சேலையில் கனத்த உடம்போடு ஒரு அம்மாள் இறங்கி, குளிருக்குக் கைகளைத் தேய்த்துக்கொண்டாள்.

"அண்ணே, நான் புலி," என்றான் ஒல்லி. "இவங்க சார்ஜன்."

வாசலில் நின்ற ஆர்தருக்கு வாய் மூடவில்லை. "சார்ஜனா? தாப்பா சார்ஜனா? ஐயோ, உங்களயா நான் ஒன்றர வருஷமா யாரோ ஆம்பளப் போலீசுன்னு நெனச்சு வாடா போடான்னு எழுதுனேன்?"

"என் பேரு ருக்குமணி. தாப்பால டைப்பிங் கிளாஸ் நடத்துறேன்," என்றாள் அந்த அம்மாள். "இப்பவும் வாடா போடான்னே கூப்பிடுங்க லா. வேற யாரு என்னய அப்படிக் கூப்பிடப் போறா?"

ஆர்தர் சிரித்தான். கழுத்து நரம்பு புடைக்க, கண்ணில் நீர் வர, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அடுப்படி வாசலில் பெட்டி கரண்டியும் கையுமாக நின்று அந்தச் சிரிப்பைக் கேட்டாள்.

வேனிலிருந்து ராதாகிருஷ்ணனின் கமடோர் கம்ப்யூட்டரும் ருக்குமணியின் ஐபிஎம்மும் இறங்கின. ஆர்தர் நாற்காலி போட்டு ஏறித் தன் மிஷினையும் கீழே இறக்கினான். மூன்றும் மூன்று சாதி. ஒன்றின் டிஸ்க் இன்னொன்றில் ஓடாது. ராதாகிருஷ்ணன் மூன்றுக்கும் நடுவே வயர் இழுத்து, தானே ஈயத்தால் பற்றவைத்துக் கொண்டுவந்திருந்த ஒரு டப்பாவில் சேர்த்தான். "ஒருத்தர் அடிச்சா மூணுலயும் தெரியும்ணே. போன் வேணாம், மோடம் வேணாம்."

பெட்டி தேநீர்த் தட்டைக் கீழே வைத்தாள். இனியும் தள்ளிப்போட முடியாது. "தம்பி, நான் போன எடுத்து எடுத்து உங்கள எல்லாம் ரொம்பக் கெடுத்துட்டேன். அதுக்குத்தானே என்னயப் பாக்கணும்னீங்க?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அக்கா, நீங்க பேசுனா எங்க ஸ்கிரீன்ல என்னா விழும் தெரியுமா?" என்றான் ராதாகிருஷ்ணன். "என் மிஷின்ல சீட்டுக்கட்டு. ஆட்டின், டைமன்னு கொட்டோ கொட்டுன்னு கொட்டும்."

"எனக்குச் சிரிச்ச மூஞ்சி," என்றாள் ருக்குமணி. "குட்டி குட்டியா, வரிசையா. நாங்க அதுக்குப் பேரே வெச்சிருந்தோம், பெட்டி மழைன்னு. யாருக்கு அழகா பெய்யுதுன்னு போர்டுல போட்டியே நடந்துச்சு. எங்க வீட்டுக்காரரு தவறிப்போன புதுசுல, சாயங்காலமானா நான் பேச்சுக்கு ஆளில்லாம போர்டுக்குள்ள போய் சும்மா உக்காந்திருப்பேன். ஒரு வார்த்த எழுத வராது. அப்ப திடீர்னு நீங்க எடுத்துக் கத்துவீங்க. ஸ்கிரீன் பூரா சிரிக்கும்மா. சரி, அங்கயும் ஒரு பொம்பள இருக்கான்னு எந்திரிச்சுப் போய் சோறாக்குவேன். அந்தப் பொம்பளயப் பாக்கத்தான் மல ஏறி வந்தேன்."

பெட்டி ஆர்தரைத் திரும்பிப் பார்த்தாள். "நீங்க ஏன் இத சொல்லவேயில்ல?"

"சொன்னா நீ எடுக்கிறத நிறுத்திருப்பே," என்றான் அவன், தரையைப் பார்த்துக்கொண்டு.

அவளுக்கு அவனைத் திட்டத் தோன்றியது, சிரிப்பும் வந்தது. சிரிப்புதான் வென்றது.

ஆர்தர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்கு விட்டான். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே பெட்டி உட்கார்ந்தாள். கோழிக்கறி ஆறிக்கொண்டிருந்தது, யாருக்கும் அது நினைவில்லை. ஆர்தர் அந்தப் பக்கம் போய் ராதாகிருஷ்ணனின் மிஷினில் குனிந்து அடிக்கத் தொடங்கினான். அவள் முன்னால் பச்சை எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்தன. எழுத்துக்கூட்டிப் படித்தாள்.

'கொழுந்துக்கு வாங்க. புது ஆளா? என்னா பேருல எழுதப் போறீங்க?'

பெட்டி என்று ஊருக்கே தெரியும். ஆனால் கேட்கிறவன், பெயர் தெரியாதவன்போல அங்கே காத்திருந்தான். கேள்விக்குக் கீழே ஒரு சின்னக் கட்டம் அணைந்து அணைந்து எரிந்தது. திறந்திருந்த வாசல் வழியே பனி உள்ளே வந்து வயர்களின்மேல் படிந்தது. பூச்சாறு கறை படிந்த விரலை கீபோர்டு எழுத்துகளின் மேலே ஒருமுறை சுற்றவிட்டு, பெட்டி ஒன்றை அழுத்தினாள். பச்சையில், நீலத்தில், மஞ்சளில், மூன்று திரைகளிலும் ஓர் எழுத்து வந்து நின்றது. அறையில் எல்லோரும் அடுத்த எழுத்துக்காகக் குனிந்தார்கள்.