நரி எடுத்த டியூஷன்

நாவலூர் ஆபீஸோட மீட்டிங் முடியிறவரைக்கும் பிள்ளைகள் கத்தக் கூடாது. பிரிசில்லா ஒரு படக்கதைப் புத்தகத்தை மாமனார் சின்னராசு கையில் திணித்துவிட்டு, லேப்டாப்போடு உள்ளறைக்குப் போனாள். கேளம்பாக்கம் ஃபிளாட்டில் நடுச்சுவர் பேருக்குத்தான்.

மூணாவதோடு படிப்பை விட்ட சின்னராசு எழுத்துக் கூட்டி வாசித்தார். "நரி, கோழிக்குஞ்சுகளுக்கு, டியூஷன், எடுத்தது."

நிறுத்தினார். "இன்னாது? நரிகிட்டயா அனுப்பிச்சா? ஆத்தாக்காரிக்கு அறிவு கீதா?"

"நரி திருந்திடுச்சு தாத்தா," என்றாள் ஜெபா.

"யாரு சொன்னது? நரிதானே சொல்லிக்கினு கீது?"

சோபாவிலிருந்து குதிக்கப் போன அவள் தம்பி கலை, இறங்கி வந்து ஒட்டிக்கொண்டான். "பக்கத்தைத் திருப்பு தாத்தா."

"மொதல்ல குஞ்சுங்களை எண்ணு. அப்பால திருப்பலாம்."

ஆறு இருந்தது; ஐந்து மஞ்சள், ஒன்று கறுப்பு. ஒவ்வொரு பக்கமும் எண்ணிவிட்டுத்தான் திருப்பினார்கள். வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை.

அந்த அமைதியே பிரிசில்லாவைப் பயமுறுத்தியது. மைக்கை அணைத்துவிட்டு ஓடிவந்தாள். விஷயம் தெரிந்ததும் தலையில் அடித்துக்கொண்டாள். "இன்னா மாமா நீங்க! கடைசில எல்லாருக்கும் மிட்டாய் குடுக்கும், அவ்ளோதான்." கடைசிப் பக்கத்தை விரித்தாள்.

ஜெபா எண்ணினாள். "அஞ்சுதாம்மா இருக்கு."

"படம் போட்டவர் மறந்திருப்பார்டி."

"நரிக்கு நல்லா சாட்சி சொல்றம்மா நீ," என்றார் சின்னராசு.

பிரிசில்லாவும் எண்ணிப் பார்த்தாள். உள்ளே லேப்டாப், "பிரிசில்லா, லைன்ல இருக்கீங்களா?" என்று கூப்பிட்டது. அவள் தரையில் உட்கார்ந்து பின்னாலிருந்து பக்கங்களைப் புரட்டினாள்.

"அந்தக் கறுப்புக் குஞ்சைக் காணோம் மாமா!"