தர்மன் வைத்த நாவல் மரம்

தெரு நெடுகப் புங்க மரங்கள் வரிசையாக நிற்க, நடுவில் ஒரே ஒரு நாவல் மட்டும் எப்படி முளைத்தது என்று கேட்டால் தர்மன் பேச்சை மாற்றிவிடுவான். உண்மையைச் சொன்னால் மானம் போய்விடும். அவனுக்கு நாவல் பழம் என்றால் உயிர், அவ்வளவுதான் காரணம்.

தொண்ணூற்றைந்தில், பெரிய காஞ்சிபுரத்தில் அவர்கள் நெசவாளர் தெருவில் வீட்டுக்கு ஒரு மரம் வைப்பதென்று முடிவானது. முன்னின்று நடத்தியவன் தர்மன். பால் கவரில் மண்ணை நிரப்பி, புங்க விதை ஊன்றி, வீடு வீடாகக் கன்று வளர்த்தார்கள். சின்ன காஞ்சிபுரத்திலிருந்து சைக்கிளில் வந்து யோசனை சொன்ன ஸௌந்தரராஜன் வாத்தியார், "புங்கம் நம்ம மண்ணு மரம். நிழல் குளுகுளுன்னு இருக்கும். எல்லாரும் அதையே வெச்சுடுங்கோ" என்றார். எல்லாரும் தலையாட்டினார்கள். தர்மனும் ஆட்டினான். ஆட்டிவிட்டு, மாகறலில் மாமியார் வீட்டிலிருந்து கொண்டுவந்த நாவல் கன்றைத் தன் வீட்டுக்கும் பக்கத்து லோகாம்பாள் வீட்டுக்கும் நடுவில் ஊன்றிவிட்டான். யாராவது கேட்டால், நாவலும் நம்ம மண்ணு மரம்தானே என்று சொல்லலாம் என்றிருந்தான்.

ஆடு கடித்தது போக, பந்து பட்டு ஒடிந்தது போக, மிச்சமெல்லாம் பிழைத்தன. அரிசி கழுவிய தண்ணீரைச் சாக்கடையில் ஊற்றினால் மருமகளுக்கு ஏச்சு விழும். அந்த அளவுக்குத் தெருவே சேர்ந்து வளர்த்தது. நாவலும் வளர்ந்தது. ஒன்பதாவது வருஷத்து ஆனியில்தான் முதன்முதலாகக் கொத்துக் கொத்தாகப் பழுத்தது. தர்மன் அண்ணாந்து பார்த்தே பாதி வயிறு நிறைந்தான்.

பாவு என்ற ஒன்றை அவன் மறந்தே போனான். நெசவாளி மறக்கக்கூடிய விஷயமா அது? நெய்யப்போகும் பட்டு நூலை விடியற்காலையில் தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டி, கஞ்சி போட்டு, அறுந்த இழைகளை முடிந்து, வெயில் ஏறுவதற்குள் சுருட்டிவிட வேண்டும். வெயில் பட்டால் கஞ்சி காய்ந்து இழை படபடவென்று அறும். அதனால் ஒரு வீட்டுப் பாவுக்கு அக்கம்பக்கமெல்லாம் கை கொடுக்க வரும். இன்று நீ வந்தால் நாளை உன் வீட்டுக்கு என் வீட்டு ஆள் வரவேண்டும். இதற்கு மாத்தாள் என்று பெயர்.

அன்று லோகாம்பாள் பாவு. கல்யாணப் புடவைக்கான சந்தன நிறப் பட்டு. மைனாக் கூட்டம் ஒன்று நாவலில் வந்து இறங்கிச் சண்டை போட்டதில், கனிந்த பழமெல்லாம் பொலபொலவென்று பாவின்மேல் உதிர்ந்தன. லோகாம்பாள் மகள் வள்ளி போட்ட கூச்சலில் தெருவே கூடிவிட்டது. பட்டு முழுக்க ஊதாக் கறை. நாவல் கறை லேசில் போகுமா?

தெருவுக்குப் பெரியவர் கலியன். இலைக் குப்பை, காக்கை எச்சம் என்று ஆரம்பத்திலிருந்தே முணுமுணுத்தவர். "நான் அப்பவே சொல்லல? பட்டு நெய்யற தெருவுல மரம் இன்னாத்துக்கு? மொதல்ல இத்த சாய்ங்க. அப்பால மத்ததையும் பாத்துக்கலாம். வச்சவனே வெட்டட்டும்!" என்றார்.

'மத்ததையும்' என்ற சொல்லைக் கேட்டதும் தர்மன் தெரு நெடுக நின்ற புங்கங்களைத் திரும்பிப் பார்த்தான். ஒன்று விழுந்தால் வரிசையே விழும். தன் ஒருவன் நாக்கு ருசிக்காகத் தெரு வளர்த்த மரமெல்லாம் போகப்போகிறதே! இதையாவது தானே வெட்டிவிட்டால் கலியனின் கோபம் தணியும், மற்றவை தப்பும் என்று தோன்றியது. உள்ளே போய்க் கோடாலியோடு வந்தான்.

"அக்கா, மன்னிச்சுடு. பட்டு குடுத்த மொதலாளிகிட்ட நானே வந்து பேசறேன்" என்றான்.

லோகாம்பாள் கறையைத் துடைப்பதை விட்டு நிமிர்ந்தாள். புருஷன் இறந்த பிறகு அவள் வாய் திறந்து நாலு வார்த்தை பேசி யாரும் கேட்டதில்லை.

"கோடாலியக் கீழ வை தர்மா. பாவு என்னுது. நான் வெட்டச் சொன்னனா?"

"பட்டே பாழாப் போச்சேமா!" என்றார் கலியன்.

"அரக்குச் சாயம் ஏத்திட்டா கறை தெரியாதுண்ணே. மொதலாளி ஏசுவாரு, கேட்டுக்கினு வரேன். மரம் போச்சுன்னா நான் இன்னா பண்ணுவேன்? நானும் பொண்ணும் ரெண்டே பேரு. முன்னல்லாம் நாங்க இழைய முடிஞ்சு முடிக்கறதுக்குள்ள வெயில் வந்து பாதி இழை அறுந்துடும். இப்ப இந்த நெழல்ல கஞ்சி சீக்கிரம் காயறதில்ல. மெதுவா முடிஞ்சுக்கினு இருக்கோம். எனக்கு நாலு ஆளா இந்த மரம்தான் நிக்குது."

அவள் புருஷன் இருந்தவரை எல்லார் வீட்டுப் பாவுக்கும் போவான். எல்லாரும் அவன் பாவுக்கு வந்தார்கள். அவன் போனபின் மாத்தாள் அனுப்ப அந்த வீட்டில் ஆள் இல்லை. திருப்பிச் செய்ய முடியாமல் எப்படிக் கூப்பிடுவது என்று அவள் கூப்பிடவில்லை. கூப்பிடவில்லையே என்று தெருவும் போகவில்லை. சுவரை ஒட்டிய வீட்டுக்காரன், ஊருக்கெல்லாம் மரம் வைத்த புண்ணியவான் தர்மனும் போகவில்லை.

"நீ எதுக்கு வச்சியோ எனக்குத் தெரியாதுப்பா" என்றாள் அவள். "ஒவ்வொரு பாவுக்கும் உன்னை நெனைச்சுக்கினுதான் ஒக்காருவேன். நீ நல்லா இருக்கணும்."

தர்மனுக்குக் கண் கலங்கிவிட்டது. பழத்துக்கு நாக்கைத் தொங்கப்போட்டவனுக்கு இப்படி ஒரு வாழ்த்தா? தன் பட்டு போன நேரத்திலும் தெருவின் மரங்களையெல்லாம் காப்பாற்றிக் கொடுத்தவள் அவள். நன்றி சொல்ல வேண்டியவன் தான்தான். கையெடுத்துக் கும்பிட்டான். கலியன் துண்டை உதறிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயம் ஏறிய பாவு நூலை அடுத்த வாரம் லோகாம்பாளும் வள்ளியும் விடியற்காலையில் தூக்கிக்கொண்டு வந்தபோது, நாவல் கிளைகளுக்கடியில் பழைய புடவைகளை முடிச்சுப் போட்டு இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தான் தர்மன். பழம் இனி அதில் விழும். ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் கலியன். பாவு கட்டியானதும் அவர் வந்து லோகாம்பாளுக்கு எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"எந்த இழைமா அறுந்திருக்குது? எனக்குக் கண்ணு சரியாத் தெரியல, எடுத்துக் குடு."

அவள் பதறிப்போனாள். "வேணாம்ணே. உங்க ஊட்டுக்கு மாத்தாள் அனுப்ப என்கிட்ட யாரு இருக்கா?"

"இத்தினி வருஷமா மரம் வந்து நின்னுச்சே, அது மாத்தாள் கேட்டுச்சா?" என்றார் கலியன்.

லோகாம்பாள் அறுந்த இழை ஒன்றைத் தேடி எடுத்து அவர் விரலில் வைத்தாள்.