இருசம்மாள் காட்டிய ஆள்

வேலி வாசலில் வரிசை நகர நேரமாயிற்று. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் ஆணும் பெண்ணுமாக எண்பது பேர் வாளியும் ரப்பர்ப் பால் வெட்டும் கத்தியுமாக நின்றார்கள். இரண்டு மலாய்க் காவல்காரர்களில் ஒருவன் ஆண்களின் இடுப்பைத் தடவிப் பார்த்தான். இன்னொருவன் பெண்களின் தேத்தண்ணிப் போத்தலைத் திறந்து முகர்ந்துவிட்டு, வாளிக்குள் குச்சியை விட்டுக் கிண்டினான். கூலிகள் குடியிருக்கும் லயத்தைச் சுற்றிக் கம்பி வேலி போட்ட நாளிலிருந்து இதுதான் வழக்கம். வெளியே போகிற ஒவ்வொரு பிடிச் சோறும் காட்டுக்குள் இருக்கிற கம்யூனிஸ்டுகளுக்குத்தான் போகிறது என்று சர்க்கார் முடிவு கட்டியிருந்தது. அந்த முடிவுக்காக இந்த எண்பது வயிறும் மத்தியானம் வரை காய்ந்தன.

இருசம்மாளின் முறை வந்தது. அவள் தானாகவே வாளி மூடியைத் திறந்து நீட்டினாள். காவல்காரன் அதைப் பார்க்கவே இல்லை. அவள் முகத்தைப் பார்த்துச் சிரித்து, "பாகுஸ்!" என்று மெச்சிக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினான். போகலாம் என்று கையசைத்தான்.

ஐயா, என் வாளியையும் ஒரு கிண்டு கிண்டிவிடு, உனக்குப் புண்ணியமாகப் போகும் என்று அவன் காலில் விழலாம் போலிருந்தது. பின்னால் நின்ற கருப்பாயி பக்கவாட்டில் துப்பினாள். வெற்றிலை போடாத வாய் அது.

வினை ஆரம்பித்தது மூன்று வாரத்துக்கு முந்தைய சோதனையில்தான். அன்று காலைப் பெரட்டுக்கு மணி அடிக்கவில்லை. ஆளைப் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற அந்த இடத்தில் நான்கு லாரி போலீஸ் வந்து நின்றது. ஆண்களைப் பந்து விளையாடும் திடலில் வரிசை வரிசையாகக் குந்த வைத்தார்கள். பெண்களைக் கோயில் பக்கம் ஒதுக்கினார்கள். போலீசோடு கழுத்தில் கேமரா மாட்டிய வெள்ளைக்காரன் ஒருவனும், குறிப்பு நோட்டோடு கால்சட்டை போட்ட டவுன் தமிழன் ஒருவனும் வந்திருந்தார்கள். பத்திரிகைக்காரர்கள் என்று பேசிக்கொண்டார்கள்.

கால்சட்டைக்காரன் ஓரமாக நின்ற இருசம்மாளிடம் வந்தான். பேர் கேட்டான், சொன்னாள். வயது கேட்டான், முப்பது இருக்கும் என்றாள். அடுத்து, புருஷன் பேர் என்ன என்றான்.

கல்யாணமான பதினொரு வருஷத்தில் அந்தப் பேர் அவள் வாயில் வந்ததில்லை. மகள் பேரைச் சேர்த்து "ஜெயா அப்பா" என்பாள், இல்லாவிட்டால் "அவுக" என்பாள். லயத்தில் எந்தப் பெண்ணும் அப்படித்தான். யாராவது கேட்டால் பக்கத்தில் நிற்பவள் சொல்லிவிடுவாள். ஐ.சி. என்கிற அடையாளக் கார்டு எழுதிய அன்றுகூட இவள் புருஷன் மாயாண்டியின் பேரைக் கருப்பாயிதான் சொன்னாள். கருப்பாயியின் புருஷன் அங்கமுத்துவின் பேரை இவள் சொன்னாள். எழுதிய தோட்டத்து ஆபீஸ் கிராணிக்கும் அது பழகிப்போன சங்கதி. ஆனால் சோதனை நாளில் கருப்பாயி பத்து ஆள் தள்ளி நின்றாள். பக்கத்தில் நின்றது ஒன்றும் தெரியாத சின்னப் பெண். கால்சட்டைக்காரனுக்கோ பொறுமை இல்லை. இருசம்மாள் தலைத்துணியைச் சரிசெய்துகொண்டு, அந்தா இருக்காரு என்று கையை நீட்டித் திடலைக் காட்டினாள். இரண்டாவது வரிசை, நீலச் சட்டை. கேமரா டக்கென்றது. மாயாண்டி சிரித்தானா முறைத்தானா என்று அவ்வளவு தூரத்தில் அவளுக்குத் தெரியவில்லை.

அரை மணி நேரம் கழித்து அங்கமுத்துவை லாரியில் ஏற்றினார்கள். இரண்டாவது வரிசையில் மாயாண்டிக்கு அடுத்து உட்கார்ந்திருந்தவன் அவன். போன வருஷம் கூலி உயர்வு கேட்டுத் துரையிடம் பேசப் போன ஐந்து பேரில் ஒருவன். அவன் பேர் போலீஸ் காகிதத்தில் முன்பே இருந்தது. அதை லயத்துக்கு யார் சொல்வது?

மூன்றாம் நாள் அலோர் காஜா டவுனில் முடி வெட்டப் போன மாயாண்டி, பாதி வெட்டிய தலையோடு திரும்பி வந்தான். கடைக்கார சாமிநாதன் தினமும் தமிழ்ப் பத்திரிகையை வந்தவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறவர். அன்று முதல் பக்கத்தைப் பார்த்ததும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டாராம். இரண்டு மாதத்துக்கு முன் பக்கத்துத் தோட்டத்தில் ஜீப்பில் போன வெள்ளைக்காரச் சின்னதுரை ஒருவரைக் கம்யூனிஸ்டுகள் சுட்டுக் கொன்றபோது, அவர் முகம், அவர் ஊர், அவர் வளர்த்த நாய் உட்பட அந்தப் பத்திரிகையில் வந்தது. அதே ஜீப்பில் செத்த இரண்டு பால்வெட்டுக்காரர்களைப் பற்றி "மேலும் இரு கூலிகள்" என்று போட்டிருந்தார்கள். தோட்டத்து முகம் ஒன்று முதல் பக்கத்துக்கு வந்தது இதுதான் முதல் தடவை என்று சாமிநாதன் சொன்னாராம்.

மாயாண்டி சட்டைக்குள்ளிருந்து தாளை எடுத்து விரித்தான். இருசம்மாள் நீட்டிய கையோடு நின்றாள். அவளுக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒரு போலீஸ். விரல் முடிகிற இடத்தில் படமும் முடிந்துவிட்டது. கீழே எழுதியிருந்ததை மாயாண்டி எழுத்துக் கூட்டிப் படித்தான்: பயங்கரவாதிகளுக்கு உதவியவனைப் போலீசாருக்கு அடையாளம் காட்டும் வீரத் தமிழ்ப் பெண். இங்கிலீஷ் பேப்பரிலும் சீனப் பேப்பரிலும் இதே படம்தானாம்.

"பேரச் சொல்லித் தொலைச்சிருக்கலாம்ல புள்ள," என்றான். கேலியாகத்தான் ஆரம்பித்தான். சொல்லி முடிக்கும்போது குரல் இறங்கிவிட்டது.

அவள் அப்போதே கருப்பாயி வீட்டுக்கு ஓடினாள். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கருப்பாயி அரிசி புடைப்பதை நிறுத்தாமல் கேட்டாள்.

"நீ சொல்றது நெசமாவே இருக்கட்டும்," என்றாள் கடைசியில். "ஒன் வெரலு நீண்டுச்சு, எங்க ஆளு லாரியில போனாரு. மூணு பாஷையில போட்டிருக்கான். நான் மட்டும் வேற என்னான்னு நெனைக்கறது?"

அன்றிலிருந்து குழாயடியில் இருசம்மாள் குடத்தை வைத்தால் பக்கத்துக் குடங்கள் நகர்ந்தன. பாசாரில் கீரை விற்கும் சீனத்தி, எப்போதும் ஒரு கட்டு கூடப் போடுகிறவள், முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதையெல்லாம் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது பதினான்காம் நம்பர் நிரை. இருசம்மாளின் மரங்கள் அங்கேதான் இருந்தன, தோட்டத்தின் கடைசியில். அவளுக்கும் காட்டுக்கும் நடுவில் ஒரு கால்வாய்தான். குரங்கு கிளை மாறினால்கூடக் கத்தி கைநழுவியது. இரண்டு பட்டையை ஆழமாக வெட்டிக் கட்டை தெரியவைத்து, மேற்பார்க்க வந்த மண்டோரிடம் ஏச்சு வாங்கினாள்.

காவல்காரன் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிய அந்த வாரத்துப் புதன்கிழமை, நிரையின் முதல் மரத்தில், பால் பிடிக்கும் மங்கைக் கட்டும் கம்பியால் ஒரு தாளைச் சுற்றியிருந்தார்கள். காட்டுக்குள் இருக்கிறவர்களின் சீன எழுத்து. நடுவில் அவள் படம். முந்தின நாள் வெட்டிலிருந்து பால் வழிந்து அவள் முகத்தின்மேல் உறைந்திருந்தது. இருசம்மாள் வாளியைப் போட்டுவிட்டு ஓடினாள். வாசல் வந்த பிறகுதான் கத்தி கையில் இருப்பதே தெரிந்தது.

அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். நிரையை மாற்றிக் கொடுக்க வேண்டும், தான் யாரையும் காட்டிக்கொடுக்கவில்லை என்று பேப்பரில் போட வேண்டும். அது ஒன்றா இரண்டா என்று கேட்டால் அவளுக்கு ஒன்றுதான், உயிரோடு இருக்க வேண்டும். கிராணி பாலகிருஷ்ணன் நல்ல மனுஷர். ஆனால் வெள்ளைக்காரன் நாற்காலிக்கு முன்னால் நின்றால் அவர் குரல் பாதியாகிவிடும். அவர் துரையிடம் சொன்னார், துரை டெலிபோன் செய்தார், மறுநாள் டவுனிலிருந்து ஒரு போலீஸ் துரை வந்தார்.

ஆபீசுக்குள் அவளை நிற்க வைத்தார்கள். மேசைமேல் பத்திரிகை கிடந்தது. போலீஸ் துரை கேட்டார், கிராணி தமிழில் சொன்னார். இந்தப் படத்தைப் பார்த்து மேலே எல்லாரும் கேட்கிறார்கள், அவள் காட்டிய ஆள் யார்? அவள் யாரைக் காட்டினாள் என்று ஃபைலில் எழுதியிருக்கவில்லை.

இருசம்மாள் கிராணியைப் பார்த்தாள். "ஒங்களுக்குத் தெரியுமேய்யா. நீங்களே சொல்லிருங்க."

கிராணி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். போலீஸ் துரை மறுத்துத் தலையாட்டினார். அவள் வாயால்தான் வரவேண்டுமாம்.

பக்கத்தில் கருப்பாயி இல்லை. எந்தப் பெண்ணும் இல்லை. நல்லது நடக்கப் போகிறது, அதற்காகத்தான் கேட்கிறார்கள் என்று அவள் நம்பினாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

"மாயாண்டி," என்றாள். பேர் வெளியே வந்ததும் உடம்பெல்லாம் கூசியது. உடனே மடமடவென்று மிச்சத்தையும் கொட்டினாள். "எங்க வீட்டுக்காரருங்க. அவுக பேரத்தான் கேட்டாங்க. பேரச் சொல்றது எங்க வழக்கமில்ல, அதான் கையக் காட்டினேன். வேற ஒண்ணுமே இல்லீங்க."

கிராணி முழுவதையும் மொழிபெயர்த்தார். ஒரு சொல்லும் குறைக்கவில்லை, அதை அவள் பின்னாளிலும் சொல்வாள். போலீஸ் துரை பேனாவை மூடி, தோட்டத் துரையைப் பார்த்துப் புன்னகை செய்து, சிறியதாக ஒன்று கேட்டார். கிராணி அதைத் தமிழில் சொல்லத் தயங்கினார்.

"என்னாங்கய்யா கேக்குறாரு?"

"புருஷன் பேரைச் சொல்ல மாட்டேன்னு சொல்றா, ஆனா இப்ப சொன்னாளேன்னு கேக்குறாரும்மா."

சொன்னதனால்தான் பொய்யாயிற்று என்றால், சொல்லாமல் நின்றிருந்தால் மெய்யாகியிருக்குமா? தன் புருஷனையே காட்டிக்கொடுத்துவிட்டு இப்போது பயத்தில் கதை மாற்றுகிறாள், இது வழக்கமாக நடப்பதுதான் என்று போலீஸ் துரை நினைப்பதாகக் கிராணி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். சொன்னதைத் தட்டெழுதிக் கொண்டுவந்து அவள் கட்டைவிரல் ரேகையை வாங்கிக்கொண்டார்கள்.

சனிக்கிழமை காலை ஜீப் வந்தது. மாயாண்டி வாளி கழுவிக்கொண்டிருந்தான். கையைத் துடைக்க விட்டார்கள், சட்டை மாற்ற விடவில்லை. ஜீப்பில் ஏறும்போது அவன் அவளைத் திரும்பிப் பார்த்து, ஜெயாவைப் பள்ளிக்கு அனுப்பிவிடு என்று மட்டும் சொன்னான். எங்கே கொண்டுபோகிறார்கள் என்று யாரும் சொல்லவில்லை. எத்தனை நாள் என்று கேட்டதற்கு, சட்டப்படி இரண்டு வருஷம் வரை வைத்திருக்கலாம் என்றார் கிராணி.

திங்கட்கிழமைப் பெரட்டில் கிராணி பேர் வாசித்தார். பழக்கத்தில் மாயாண்டி என்று கூப்பிட்டுவிட்டார். எல்லாரும் இருசம்மாளைப் பார்த்தார்கள். அவர் பேனாவால் ஒரு கோடு போட்டுவிட்டு, துரை உத்தரவை வாசித்தார். இருசம்மாளுக்கு மூன்றாம் நம்பர் நிரை. அது சாலையோரம், காவல் கொட்டகைக்கு எதிரே, காக்கைகூட அடி வைக்க அஞ்சும் அளவுக்குப் பத்திரமான இடம். பதினான்காம் நம்பர் கருப்பாயிக்கு.

இருசம்மாள் கேட்டது கிடைத்துவிட்டது.

அன்று சாயங்காலம் துரை அவளுக்கு ஒரு பெரிய உறையைக் கொடுத்தனுப்பினார். பத்திரிகை ஆபீசிலிருந்து வந்த பரிசாம். உள்ளே அதே படம், ஆனால் பெரியதாக, ஓரம் வெட்டாமல். விரல் முடிகிற இடத்தில் இப்போது திடல் இருந்தது, குந்தியிருக்கும் வரிசைகள் இருந்தன. இரண்டாவது வரிசையில் நீலச் சட்டை சாம்பலாகத் தெரிந்தது. மாயாண்டி அவள் பக்கம் முகத்தைத் திருப்பிச் சிரித்துக்கொண்டிருந்தான். பல்லெல்லாம் தெரிய, தலையைக் கொஞ்சம் சாய்த்து, இவளை இன்றைக்கு வீட்டில் வைத்துக் கேலி செய்யாமல் விடுவதில்லை என்கிற சிரிப்பு. அப்படி ஒரு படம் அவனை யாரும் எடுத்ததில்லை.

அவள் அதைத் தூக்கிக்கொண்டு கிராணி வீட்டுக்கு ஓடினாள். "பாருங்கய்யா, சிரிக்கிறாரு. காட்டிக்குடுத்தா யாராச்சும் சிரிப்பாங்களா?"

பாலகிருஷ்ணன் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தார்.

"எனக்குத் தெரியுதும்மா," என்றார். "துரையும் இதப் பாத்துட்டுத்தான் குடுத்தாரு. அவருக்குத் தெரியலையே, நான் என்ன செய்ய?"

மறுநாள் விடியலில் வேலி வாசல் வரிசையில் அவள் கருப்பாயிக்குப் பின்னால் நின்றாள். மடியிலிருந்து படத்தை எடுத்து, ஒன்றும் பேசாமல், கருப்பாயியின் தோளுக்கு மேல் நீட்டினாள். கருப்பாயி முதலில் திரும்பவில்லை. பிறகு பார்த்தாள். மாயாண்டியின் சிரிப்பைப் பார்த்தாள். அவனை ஒட்டி முழங்காலைக் கட்டிக்கொண்டு வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்த அங்கமுத்துவைப் பார்த்தாள். கத்திப் பிடியில் காய்த்துப்போன விரலால் அந்த முகத்தைத் தொட்டாள்.

"இளைச்சுத் தெரியறாரு," என்றாள்.

வரிசை நகர்ந்தது. காவல்காரன் கருப்பாயியின் போத்தலை முகர்ந்தான். மடியை உதறச் சொன்னான். வாளிக்குள் குச்சியை விட்டு இரண்டு தடவை கிண்டிவிட்டு அனுப்பினான். அவள் தனியாகக் கால்வாய்ப் பக்கம் நடந்தாள், பதினான்காம் நம்பருக்கு.

இருசம்மாள் படத்தை அவனுக்கு முன்னால் இரண்டு கையாலும் விரித்துப் பிடித்து, நீலச் சட்டையைக் காட்டினாள். அவன் குனிந்து பார்த்தான். அவள் முகத்தைக் கண்டுபிடித்தான், கையைக் கண்டுபிடித்தான், விரல் வரைக்கும் வந்து நின்றுவிட்டான். நிமிர்ந்து சிரித்து, கட்டை விரலைத் தூக்கிக் காட்டி, வாளியைத் திறக்காமலே அவளை வெளியே விட்டான்.